மலையகத் தோட்டங்களில் பதில் சொல்ல வேண்டியவர் யார்?

மஸ்கெலியாவிலோ அக்கரப்பத்தனையிலோ ஒரு லயத்தின் (தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பின்) கூரைத் தகரம் காற்றில் பறந்துவிட்டால், அதைத் திருத்தித் தரும் கடமை யாருடையது? தோட்டக் கம்பெனியைக் கேட்டால், காணி அரசாங்கத்துக்குச் சொந்தம், வீடமைப்புக்குத் தனி நிதியம் உண்டு என்ற பதில் வரும். நிதியத்தைக் கேட்டால், பணம் அமைச்சிலிருந்து வர வேண்டும். பிரதேச சபைக்குத் தோட்டம் கம்பெனியின் எல்லை. பிரதேச செயலகத்துக்கோ அங்கு குடியிருப்பவரின் கையில் காணி உறுதி இல்லை. தொழிற்சங்கம் அமைச்சரிடம் பேசுவதாகச் சொல்லும். இந்தப் பதில்களில் எதையும் முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சட்டமோ ஒப்பந்தமோ இருக்கிறது. மலையகத்தில் பொறுப்புக்கூறல் வாய்க்காமல் போனதை ஊழல், அலட்சியம் என்ற இரண்டு சொற்களால் மட்டும் விளக்க முடியாததும் இதனால்தான்.

விளைவுகள் எண்களில் தெரிகின்றன. 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையின் வறுமை வீதம் 4.1, தோட்டத்துறையில் அது 8.8. அதே ஆண்டின் குடிசன சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளவில் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம் என்று பதிந்தது. இந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி நூற்றைம்பது ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. அதற்குத் தரப்பட்ட விடைகள் பல. அவை எங்கிருந்து பிறந்தன, எவ்வளவு தூரம் தாங்குகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

துரையின் எல்லைக்குள்

முதல் விடை தோட்டத்தையே ஓர் அரசாகப் பார்க்கிறது. கோப்பிக் காலத்தில் தொடங்கித் தேயிலைக்குத் தொடர்ந்த ஒழுங்கில் வேலை, வீடு, மருந்து, தண்டனை எல்லாம் தோட்டத்தை நடத்திய துரையின் கையில் இருந்தன. அவருக்குக் கீழே கங்காணி. ஆட்களைத் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கூட்டிவந்தவரும், முன்பணக் கடனைப் பிடித்து வைத்திருந்தவரும் அவரே. கடன் விவரம் எழுதிய துண்டு இல்லாமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. குமாரி ஜயவர்தனவும் ரேச்சல் குரியனும் 2015இல் வெளியிட்ட ஆய்வு நூல் வர்க்கம், ஆணாதிக்கம், இனம் மூன்றும் இந்த ஒழுங்கில் எப்படி ஒன்றையொன்று தாங்கின என்று காட்டுகிறது.

இந்தச் சிந்தனைக்குக் கரீபியனிலும் ஒரு வேர் உண்டு. ஜமெய்க்காவின் பொருளியலாளர் ஜோர்ஜ் பெக்ஃபர்ட் 1972இல் எழுதிய நூலில், பெருந்தோட்டம் என்பது பயிர் செய்யும் முறை மட்டுமல்ல, ஒரு முழுச் சமூக அமைப்பு என்று வாதிட்டார். தீவுகள் சுதந்திரம் பெற்று, கொடி மாறி, பாராளுமன்றம் வந்த பிறகும் தோட்டத்தின் அதிகாரம் உள்ளூர் நிருவாகத்தை மெலிய வைத்தபடியே இருந்தது என்பது அவர் கண்டது. இலங்கை வாசகருக்கு இது வெளியூர்க் கதையாகத் தோன்றாது.

ஆனால் தோட்டம் முற்றிலும் மூடிய உலகமாக இருந்ததில்லை. 1872இல் தோட்டங்களின் மருத்துவத் தேவைக்கெனச் சட்டம் வந்தது. 1923 முதல் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் கண்டியில் இருந்து சம்பளம், லயம், மரண வீதம் பற்றி ஆண்டறிக்கை எழுதினார். 1927இல் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம். துரைமாரைக் கேள்வி கேட்கும் ஏற்பாடுகள் அக்காலத்திலேயே இருந்தன என்பதை மறக்கக் கூடாது. அவற்றின் குறை வேறு இடத்தில் இருந்தது. முகவர் டெல்லிக்கு எழுதினார். அதிகாரி கொழும்புக்கு எழுதினார். லயத்தில் இருந்தவருக்கு யாரும் எழுதவில்லை. மேலே நோக்கிய பொறுப்பு இருந்தது, கீழே நோக்கிய பொறுப்பு இல்லை. இந்தச் சாய்வு பின்னால் வந்த எல்லா அமைப்புகளிலும் தொடர்கிறது என்றே நான் கருதுகிறேன்.

இவ்விடையின் பெரும் பலவீனம் 1970களில் வெளிப்படுகிறது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகின. தனியார் துரைத்தனம்தான் நோய் என்றால் அப்போது குணம் தெரிந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களின் இறப்பு வீதம் கூர்மையாக ஏறியது. அரச தோட்டக் காலம் லயங்களைப் பெரும்பாலும் இருந்தபடியே விட்டுவிட்டது.

பறிக்கப்பட்ட வாக்கு

இரண்டாவது விடை வாக்குரிமையைச் சுட்டுகிறது. வாக்கு இல்லாதவருக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. 1937இல் கிராமச் சபைச் சட்டத் திருத்தம் தோட்டத்து இந்தியத் தொழிலாளரை உள்ளூர் வாக்கிலிருந்து விலக்கியது. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளை வென்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம். 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம். 1952 தேர்தலில் அந்த ஏழு இடங்களும் இல்லை. 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தம் இவ்வாறு நாடற்றவரான 9,75,000 பேரை இரு நாடுகளுக்கிடையே பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. மக்களைக் கேட்காமலே மக்களைப் பங்கிட்ட அந்தக் கணக்கு மலையகத்தின் நினைவிலிருந்து இன்னும் போகவில்லை. 1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று அங்கத்தவர் தொகுதியில் சௌமியமூர்த்தி தொண்டமான் மூன்றாம் அங்கத்தவராகத் தெரிவானபோதுதான் கால் நூற்றாண்டு வெறுமை உடைந்தது.

வள்ளி கணபதிப்பிள்ளை 2009இல் எழுதிய நூல் உட்படப் பல ஆய்வுகள் நாடற்ற நிலையின் நீண்ட நிழலை விரிவாகக் காட்டியுள்ளன. இந்த விடையை மறுப்பது கடினம். போதாது என்று சொல்லலாம். 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைச் சட்டத்தில் முடித்துவைத்தன. வாக்கு பயனற்றுப் போகவுமில்லை. தோட்டத்துறை வறுமை 2006-07இல் 32 வீதமாக இருந்து பத்தாண்டுகளில் 8.8க்கு இறங்கியது. அதில் வாக்கின் பங்கு எவ்வளவு, கொழும்புக் கடைகளிலும் மத்திய கிழக்கிலும் வேலை செய்து பிள்ளைகள் அனுப்பிய பணத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. எப்படியானாலும், வாக்கு கிடைத்து ஒரு தலைமுறை கடந்த பிறகும் கூரைத் தகரத்துக்கு யாரைக் கேட்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

சங்கம், கட்சி, அமைச்சு

மலையகத்துக்குள் அதிகம் ஒலிக்கும் விடை மூன்றாவது: நம் தலைவர்களே நம்மை விற்றார்கள். இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஒரே சமயத்தில் தொழிற்சங்கமாகவும் அரசியல் கட்சியாகவும் இருந்தது. 1978 முதல் அதன் தலைவர் அமைச்சராகவும் இருந்தார். தொழிலாளியின் சம்பளத்தில் சந்தா பிடித்துச் சங்கத்துக்கு அனுப்புவது தோட்ட நிர்வாகம். அந்தச் சங்கம் அதே நிர்வாகத்தோடு கூட்டு ஒப்பந்தம் பேசும். சங்கத்தின் தலைவர் அந்தக் கம்பெனிகளுக்குக் காணி குத்தகைக்கு விட்ட அரசாங்கத்தின் அமைச்சர். இந்த வட்டத்துக்குள் யார் யாரிடம் கணக்குக் கேட்பது?

இவ்விமர்சனத்தில் வலுவான உண்மை உண்டு. ஆனால் அது சில சமயம் தொழிலாளரை ஏமாந்தவர்களின் கூட்டமாக மட்டும் சித்திரிக்கிறது. 1940இல் முல்லோயாத் தோட்டத்துத் துப்பாக்கிச் சூட்டை விசாரணைக் குழுவரை இழுத்துச் சென்றது தோட்டத்துப் போராட்டமே. 1984 வேலைநிறுத்தம் ஆணுக்கும் பெண்ணுக்கும் சம நாட்சம்பளத்தைப் பெற்றுத் தந்தது. கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு அது சிறிய வெற்றியல்ல. வாக்கும் ஒரே இடத்தில் தேங்கவில்லை. 2015இல் மனோ கணேசன், திகாம்பரம், இராதாகிருஷ்ணன் சேர்ந்த தமிழ் முற்போக்குக் கூட்டணி எழுந்தது. 2024 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் பாராளுமன்றம் சென்றனர். தலைவர்களைத் தண்டிக்கும் வழி மக்களுக்குத் தெரியும். தலைவர்கள் மாறிய பின்னும் அமைப்பு மாறாமல் இருப்பதற்கு இந்த விடையிடம் விளக்கம் இல்லை.

33ஆம் பிரிவும் அதன் பின்னும்

நான்காவது விடை வறண்டது. சட்டப் பிரிவுகளும் எல்லைக் கோடுகளும் பற்றியது. அதனாலேயே மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. என் பார்வையில், இன்றைய நிலைமையை நெருங்கி விளக்குவது இதுதான்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் நாட்டின் கிராமங்களுக்கு உள்ளூராட்சியைக் கொடுத்தது. அதன் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டம் தனியார் நிலமாகக் கருதப்பட்டது. தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம், தவிசாளராகவும் ஆகலாம். தவிசாளரின் சொந்த லயத்துக்குப் போகும் பாதைக்குச் சபைப் பணத்தில் கல் பதிக்க முடியாது. முப்பது ஆண்டுகள் இப்படியே நடந்தது.

எல்லைகளும் இதற்குத் துணைபோயின. நுவரெலியா மாவட்டத்தில் வெகுகாலம் ஐந்து பிரதேச சபைகளே இருந்தன. அம்பகமுவ, நுவரெலியா சபைகள் ஒவ்வொன்றும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கானவை. நாட்டின் பிற பகுதிகளில் இதில் ஒரு சிறு பங்கு மக்களுக்கே ஒரு சபை உண்டு. 2018 தேர்தலுக்கு முன் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் புதிதாகப் பிறந்தன. பிரதேச செயலகங்களை ஐந்திலிருந்து பத்தாக்கும் முடிவு 2019இல் வந்தது, நடைமுறை இழுபட்டது. பிறப்புச் சான்றிதழுக்கும் அடையாள அட்டைக்கும் ஒரு நாட் ‘பேரை’ (நாட்சம்பளத்தை) இழந்து பஸ் ஏற வேண்டியவருக்கு இது வெறும் நிர்வாக விவரமன்று.

2018இல் 33ஆம் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டு பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் நிறைவேறியது. சட்டத் தடை நீங்கியதும் நிலைமை மாறியதா? முழுமையாக மாறவில்லை என்றே சொல்ல வேண்டும். தோட்டப் பாதைகளும் நீர்க்குழாய்களும் குத்தகைக் காணியில் இருப்பதால் நிர்வாகத்தோடு இணங்கிப் போகாமல் சபை வேலை தொடங்குவது கடினம். சபையின் சொந்த வருமானம் சிறியது. இதற்கிடையில் சபைகளே இல்லாமல் போயின. 2018இல் தெரிவானவர்களின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அந்த மாதம் நடக்கவேண்டிய தேர்தல் திறைசேரியில் பணமில்லை என்று தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதியமைச்சராக இருந்த ஜனாதிபதியையும் தேர்தல் ஆணைக்குழுவையும் பொறுப்பாளிகளாகக் கண்டது. தேர்தல் 2025 மே 6இல் நடந்தது. மத்திய மாகாண சபைக்கோ 2013க்குப் பிறகு தேர்தலே இல்லை. தோட்டங்களுக்குள் உள்ளூராட்சி நுழையச் சட்டம் இடம் கொடுத்த காலத்திலேயே உள்ளூராட்சி உறங்கிப்போனது பெரும் இழப்பு.

இவ்விடையின் பலவீனம், சட்டத்தைத் திருத்தினால் போதும் என்ற நம்பிக்கையை அது வளர்ப்பது. சட்டத்தின் அடியில் காணி இருக்கிறது.

கம்பெனியின் கணக்கும் அரசின் பொன் பங்கும்

1992இல் அரசு தோட்ட நிர்வாகத்தைப் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பெனிகளிடம் ஒப்படைத்தது, கம்பெனிகள் 22. பின்னர் பங்குகள் விற்கப்பட்டன. காணி 53 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. மக்களின் வீடு, நலன் ஆகியவற்றுக்காக அரசு, கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றும் அமரும் ஒரு நிதியம் அமைந்தது; இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதுவே. மூன்று தரப்பும் உள்ளே இருப்பதால் வெளியே நின்று கேள்வி கேட்க யாரும் மிச்சமில்லை என்ற குறை அதன் வடிவத்திலேயே இருக்கிறது.

கம்பெனிகளின் வாதம் இப்படி: வணிக நிறுவனம் வேலைக்குச் சம்பளம் தரலாம், ஒரு சமூகத்தின் முழு வாழ்வையும் சுமக்க முடியாது, உற்பத்தித்திறன் குறைவு, உலகச் சந்தை விலை நம் கையில் இல்லை, நாட்சம்பளத்தை விட்டு வருமானப் பகிர்வு முறைக்குப் போக வேண்டும். முதற்பகுதியில் நியாயம் உண்டு. பாடசாலைகளை 1970களில் அரசு எடுத்துக்கொண்டதுபோல் சுகாதாரமும் வீடமைப்பும் முழுமையாக அரசிடம் போக வேண்டும் என்று மலையகச் செயற்பாட்டாளர் பலரும் கேட்கின்றனர். ஆனால் சம்பள வரலாறு அவ்வாதத்தின் மீதியை ஐயத்தோடு பார்க்க வைக்கிறது. 1,000 ரூபாய்க் கோரிக்கை 2015ஐ ஒட்டி எழுந்தது. கூட்டு ஒப்பந்தம் 2019இல் 700 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தோடு நின்றது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை 1,000ஐ வர்த்தமானியில் அறிவித்தபோது கம்பெனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் சென்றன. கூட்டு ஒப்பந்தமும் அற்றுப்போனது. நாளுக்குரிய கொழுந்து அளவை ஏற்றி, அதை எட்டாதவருக்கு அரைப் பேர் போடுகிறார்கள் என்ற முறைப்பாடு தோட்டங்களிலிருந்து தொடர்ந்து எழுந்தது. 2024 மே தினத்தையொட்டி அறிவிக்கப்பட்ட 1,700 ரூபாய், ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் இடைக்காலத் தடையில் நின்றது; செப்டெம்பரில் 1,350 ஆனது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அதை 1,550 ஆக்கி, அரசின் வரவு ஊக்குவிப்பாக 200 ரூபாய் சேர்த்து 1,750 ஆக்க முன்மொழிந்தது. தனியார் கம்பெனியின் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பொதுப்பணம் சுமப்பது, இரு தரப்பின் பொறுப்பையும் மேலும் குழப்பக்கூடும்.

அரசு இங்கே ஓரத்தில் நிற்கும் நடுவர் அல்ல. ஒவ்வொரு கம்பெனியிலும் திறைசேரிச் செயலாளரின் பெயரில் பொன் பங்கு ஒன்று இருக்கிறது. அதன்படி, குத்தகைக் காணியை உப குத்தகைக்கு விட அரசின் சம்மதம் வேண்டும். காலாண்டு அறிக்கைகள் 60 நாட்களுக்குள் தரப்பட வேண்டும். முன்னறிவித்தல் கொடுத்து அரசு கணக்குப் புத்தகங்களைப் பார்க்கலாம். இது சிறிய அதிகாரம் அல்ல. இதை லயத்தின் நிலைக்காகவும் தொழிலாளர் நலனுக்காகவும் எத்தனை தடவை பயன்படுத்தினார்கள் என்ற கேள்வியைப் பாராளுமன்றம் விடாமல் கேட்டிருக்க வேண்டும். மறுபக்கம், அரசே நேரடியாக நடத்தும் ஜனவசமவும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் தொழிலாளரின் ஊழியர் சேமலாப நிதியையும் சேவைக்காலப் பணத்தையும் ஆண்டுக்கணக்கில் நிலுவை வைத்தன. காணிச் சொந்தக்காரரும் கண்காணிப்பாளரும் சம்பளம் நிர்ணயிப்பவரும் கடனாளியான முதலாளியும் ஒருவரே என்றால், அவரிடம் கணக்குக் கேட்பதற்கு வெளியிலிருந்து வலுவான ஓர் அமைப்பு தேவை. அந்த அமைப்பு இன்னும் இல்லை.

மீரியபெத்த ஓர் உரைகல்

விடைகளையெல்லாம் ஒரே இடத்தில் உரசிப் பார்க்க ஹட்டனிலிருந்து கிழக்கே, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தைக்குப் போக வேண்டும். 2014 அக்டோபர் 29 காலையில் மீரியபெத்தத் தோட்டத்து லயங்களை மண் மூடியது. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, இடம்பெயர்வு நடக்கவில்லை. சொன்னோம், போகவில்லை என்றது அதிகாரத் தரப்பு. போவதற்கு இடம் எங்கே என்று கேட்டது மக்கள் தரப்பு. மாற்றுக் காணியைத் தர அரசும் விடுவிக்கக் கம்பெனியும் கட்டித்தர நிதியமும் ஒன்றாக அசைய வேண்டியிருந்தது. எந்த ஒரு தரப்புக்கும் மற்றதை அசைக்கும் கடமை இல்லை. மக்களுக்குச் சொந்தமாக ஒரு பேர்ச் நிலம் இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். சாவு நடந்த பிறகு, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் புதிய வீடுகள் எழுந்தன. அப்படியானால் முன்பு தடுத்தது நிலத்தின் பற்றாக்குறை அல்ல.

2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மலைநாட்டு மண்சரிவுகள் அதில் பெரும்பங்கு. பதினொரு ஆண்டுகளுக்குப் பின்னும் அதே கேள்வி, முன்னிலும் பெரிய அளவில்.

தீராதவை

இந்த விடைகள் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு காலத்தை மற்றதைவிட நன்றாக விளக்குகிறது. தோட்ட அரசு 1920கள் வரை, வாக்குப் பறிப்பு 1948 முதல் 1977 வரை, சங்க அரசியல் அதற்கடுத்த காலம். இன்றைக்குப் பொருந்துவது சட்டத்தாலும் குத்தகையாலும் சிதறடிக்கப்பட்ட பொறுப்பு. அதன் நடுமுடிச்சு காணியுரிமை என்பதே கிடைக்கும் சான்றுகளிலிருந்து எடுக்கக்கூடிய முடிவு. 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியோடு தனி வீடுகள் எழுந்தன. இந்திய உதவியில் 4,000 வீடுகள், பின் 2017 மே மாதம் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட மேலும் 10,000. அப்பால் பத்து பேர்ச் பற்றிய பேச்சு. தேவையோடு ஒப்பிட்டால் வேகம் மிக மெதுவானது.

கயானாவின் அனுபவம் ஒப்பிடத் தக்கது. அங்கும் இந்தியத் தொழிலாளர் தோட்ட லயங்களிலேயே வாழ்ந்தனர். 1947இல் சீனி ஏற்றுமதிமீது ஒரு வரி விதித்துத் தொழிலாளர் நலநிதி அமைத்தார்கள்; அந்தப் பணத்தில் லயங்களுக்கு வெளியே வீட்டு மனைகளும் கட்டுவதற்குக் கடனும் கொடுக்கப்பட்டன; 1950களில் லயங்கள் வேகமாகக் குறைந்தன. அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று பொருளல்ல. ஆனால் வீட்டை வேலையிலிருந்து பிரிப்பது நடக்கக்கூடியது, அதற்கு ஏற்றுமதிப் பயிரே பணம் தரலாம் என்பது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டப்பட்டது. தேயிலைக்கு அப்படி ஒரு வரி பொருந்துமா, விலை வீழ்ந்த ஆண்டுகளில் அது யார்மீது விழும் என்பதை இலங்கைப் பொருளியலாளர் இன்னும் ஆழமாக ஆராய வேண்டியிருக்கிறது.

வேறு கேள்விகளும் திறந்தே உள்ளன. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம், அரசோடு செய்த ஒப்பந்தத்தின்கீழ் பொதுப்பணி செய்யும் தனியாரையும் அந்தப் பணியின் அளவுக்கு உள்ளடக்குகிறது. லயத்தைப் பராமரிப்பதும் பிள்ளைக் காம்பரா (குழந்தைப் பராமரிப்பகம்) நடத்துவதும் பொதுப்பணியா? இதைத் தோட்டந்தோறும் கேட்டுப் பார்த்தால் ஒரு பதில் உருவாகும். 2025இல் தெரிவான புதிய சபைகள் திருத்தப்பட்ட 33ஆம் பிரிவை எவ்வளவு தூரம் நீட்டும் என்று சொல்ல இன்னும் காலம் போதவில்லை. தோட்டத் தொழிலை விட்ட குடும்பங்கள் லயத்தில் தொடர்ந்து வாழும்போது அவர்களுக்குக் கம்பெனியின் பொறுப்பு எதுவரை என்பதும் தெளிவில்லை. இத்தகைய குடும்பங்கள் பெருகிவருகின்றன. 1992 குத்தகைகள் 2045இல் முடிகின்றன. புதுப்பிப்புப் பேச்சு அதற்கு வெகு முன்னரே தொடங்கும். அந்தப் பேச்சில் குடியிருப்போருக்கு ஓர் இருக்கை உண்டா, குடியிருப்புக் காணி குத்தகையிலிருந்து முன்கூட்டியே வெட்டி எடுக்கப்படுமா என்பது இன்னும் தெளிவாகவில்லை.